ஆயாவின் நகைகள்: எதை உருக்கலாம், எதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி – சாட்ஸ்வர்த் மகள், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆயா காலமான பிறகு, அவருடைய நகைப்பெட்டி மூத்த பேத்தி என்ற முறையில் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. என் மூத்த மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். பழைய நகைகளையெல்லாம் ஒன்றாக உருக்கி, இக்காலத்துக்கு ஏற்ற மாதிரியில் கழுத்துக்கும் காதுக்கும் கைக்குமாகப் புதிதாகச் செய்துவிடலாம் என்று வீட்டில் பெரும்பாலோர் சொல்கின்றனர். தங்கம் விற்கும் விலையில் அது நியாயமான யோசனைதான் என்றாலும், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெட்டியில் இருப்பவை இவை: சிவப்புக் கெம்பு பதித்த ஓர் அட்டிகை, சவரன் காசுகளில் வளையம் பற்றவைத்துக் கோத்த ஒரு காசுமாலை, ஏழுகல் தோடு, ஒற்றைக்கல் மூக்குத்தி, கனத்த வெள்ளித் தண்டை ஒரு சோடி. இவற்றோடு, தாத்தா மறைந்தபோது ஆயா கழற்றிய தாலி ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்கவே உறவினர்கள் தயங்குகின்றனர். கைம்பெண் கழற்றிய தாலியைக் கல்யாண வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

இவற்றில் எதை உருக்குவது தகும், எதைத் தொடக் கூடாது, அந்தத் தாலியை என்ன செய்வது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் இளைய மகளுக்கு ஆயாவின் மூக்குத்தியை அணிவிக்க விரும்புகிறோம். காதில் சிறிய தோடு தவிர வேறு நகை கூடாது என்பது பள்ளியின் விதி. இதற்கு வழி உண்டா?

மறுமொழி – பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை, டர்பன்

அன்புள்ள அக்கா, டாக்டர் யூசுப் தாது தெரு என்று பெயர் மாறிய பின்னும் நம்மவர் கிரே தெரு என்றே சொல்லும் பகுதியில் எங்கள் குடும்பம் தலைமுறைகளாக நகை வேலை செய்துவருகிறது. என் கைக்கு வந்த பழைய நகைகளைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் வீட்டார் முதலில் உருக்க நினைக்கும் காசுமாலையும் அட்டிகையுமே உருக்கக் கூடாதவை.

காசுமாலையை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு காசிலும் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். சவரன் என்பது 22 காரட் தரத்தில் ஏறத்தாழ 7.99 கிராம் எடையுள்ள பிரித்தானியப் பொற்காசு. இன்று தமிழ்நாட்டுக் கடைகளில் ஒரு சவரனை எட்டு கிராம் என்று கணக்கிடுவதும் அதை ஒட்டித்தான். இந்த நாட்டிலேயே பிரிட்டோரியா நாணயச்சாலையில் 1923 முதல் 1932 வரை சவரன்கள் அடிக்கப்பட்டன. குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் வீரனின் படத்துக்குக் கீழே, தரைக்கோட்டின் நடுவில் ‘எஸ்.ஏ.’ என்ற இரண்டு நுண்ணிய ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பிரிட்டோரியாக் காசு. தாடியுடன் அதிபர் குரூகரின் தலை பொறித்த காசு இருந்தால், அது அதற்கும் முந்தைய டிரான்ஸ்வால் குடியரசின் பவுண்டு. அதற்கும் சவரனின் எடையும் தரமுமே. வளையம் பற்றவைத்த காசுக்கு நாணயம் சேகரிப்போரிடம் முழு மதிப்புக் கிடைக்காது. ஆனால் எந்த ஆண்டில் எந்தக் காசு வாங்கிச் சேர்க்கப்பட்டது என்ற செய்தி அந்த மாலையில்தான் இருக்கிறது. உலையில் இட்டால் அது போய்விடும்.

அட்டிகையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் முழுதும் தகட்டால் மூடியிருந்தால் அது பழைய அடைப்பு வேலை. கல்லுக்கு அடியில் அரக்கை நிரப்பி, நிறம் எடுத்துக் காட்டுவதற்காக ஒரு மெல்லிய பளபளப்புத் தகட்டை வைத்து, ஓரத்தில் பொன்னை அமுக்கிக் கல்லைப் பிடிக்கச் செய்திருப்பார்கள். அதை உருக்க வேண்டுமானால் முதலில் கற்களைப் பெயர்க்க வேண்டும். பெயர்க்கும்போதே பல கற்களின் விளிம்பு சிதையும். கல்லின் எடையும் அரக்கின் எடையும் கழிந்த பின் கையில் நிற்கும் பொன், தராசில் முதலில் காட்டிய எடையைவிடப் பெரிதும் குறைந்திருக்கும். அந்தக் கெம்புக்குத் தனியாக விலை தருவார் யாரும் இல்லை. கொக்கியையும் தளர்ந்த கற்களையும் மட்டும் சரிசெய்து மணமகள் கழுத்தில் அணிவிப்பதே எல்லா வகையிலும் இலாபம். தண்டையை உருக்கினால் கிடைப்பது வெறும் வெள்ளி விலைதான்; விட்டுவிடுங்கள்.

சட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நகையாக இருக்கும் வரை தங்கம் உங்கள் உடைமை. அதை உருக்கிக் கட்டியாக்கிவிட்டால், 2005-ஆம் ஆண்டின் விலைமதிப்புள்ள உலோகங்கள் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். தெரிந்த ஆசாரி வீட்டுக்கே வந்து உருக்கித் தருவார் என்று யாரேனும் சொன்னால் இணங்காதீர்கள். உரிமம் பெற்ற பட்டறையில், நீங்கள் அருகில் இருக்க, எடை போட்டு எழுதி வாங்கிக்கொண்டு உருக்குவதே முறை. புதிதாகச் செய்யும்போது தரத்தையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே கடைகளில் பெருமளவு விற்பது 9 காரட் நகை. ஆயாவின் 22 காரட் பொன்னைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வருவோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி – வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மூக்குத்தி பற்றிய கேள்விக்கு இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் நேரடியாகவே விடை அளித்திருக்கிறது. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ் மாணவி 2004-இல் விடுமுறை முடிந்து சிறிய பொன் மூக்குத்தியுடன் திரும்பியபோது, பள்ளி அதை அனுமதிக்க மறுத்தது. பெண் பருவம் எய்தியதும் இடப்பக்க மூக்கில் பொன் மூக்குத்தி இடுவதும், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி அதற்குப் பதிலாக வைர மூக்குத்தி அணிவிப்பதும் தங்கள் குடும்பத்துப் பெண்களின் வழக்கம் என்று தாய் எடுத்துரைத்தார். சமத்துவ நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று நடந்த வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 அக்டோபர் 5 அன்று மாணவிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இது: மூக்குத்தி அணிவது சமயத்தின் கட்டாயக் கடமை அன்று, ஆயினும் ஒருவர் தம் சமயத்தையும் பண்பாட்டையும் வெளிப்படுத்த மனமுவந்து மேற்கொள்ளும் வழக்கமும் கட்டாயக் கடமையைப் போலவே காக்கப்பட வேண்டும், அதற்கு விலக்கு அளிக்காமல் மறுத்தது நியாயமற்ற பாகுபாடு.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம்மவர் பலர், சாத்திரத்தில் எழுதியிருந்தால்தான் உரிமை கேட்க முடியும் என்று எண்ணி, இல்லாத விதிகளையெல்லாம் தேடிக் காட்ட முயல்கின்றனர். அது தேவையில்லை. தொன்மையை வைத்து வாதாடினாலும் மூக்குத்தி நமக்குத் துணை வராது, ஏனெனில் காதணியும் சிலம்பும் வளையும் சங்கப் பாடல்களில் நிறைந்திருக்க, மூக்கணியை அங்கே காண முடியாது. பிற்காலத்தில் வந்த அணிதான் குமரி அம்மனின் மூக்குத்தியாக ஒளிர்ந்து, நம் பாட்டிமாரின் மூக்கிலும் இடம்பிடித்தது. பிற்காலத்தது என்பதால் அது நம்முடையது அல்லாமல் போய்விடுமா? உங்கள் குடும்பத்தில் அது எப்போது, யாரால், எதற்காக அணிவிக்கப்படுகிறது என்பதை நேர்மையாக எழுதி, மூக்குக் குத்துவதற்கு முன்பே பள்ளி நிர்வாகக் குழுவுக்கு விலக்குக் கோரும் கடிதம் கொடுங்கள். அளவு சிறியதாக இருக்கட்டும்.

மூத்த மகளின் திருமணத்துக்கும் ஒரு சொல். தாலி கட்டுவது மட்டுமே இங்கே சட்டப்படி திருமணம் ஆகாது. நடத்தி வைப்பவர் திருமண அலுவலராக அமர்த்தப்பட்டவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லா என்றாக்கியபோது, தாலி அணிந்த பெண்கள் எல்லாரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அந்த அவமதிப்புத்தான் பெண்களைச் சத்தியாக்கிரகத்துக்குள் கொண்டுவந்தது. இந்த ஊர்ச் சிறையில் நோயுற்று, விடுதலையான பின் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறுதான்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வெருலம்

மகளே, காசுமாலையைப் பற்றித் தம்பி சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ‘டுரூரோ’ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆணுக்கு முதல் ஆண்டில் மாதக் கூலி 10 சில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. ஒரு சவரன் என்பது 20 சில்லிங். ஆகவே கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண், கையில் வாங்கிய காசில் ஒரு சல்லியும் செலவழிக்காமல் நான்கு மாதம் சேர்த்தால்தான் மாலையில் ஒரு காசு ஏறும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது 1895-இல் விதித்த வரி ஆண்டுக்கு மூன்று பவுண்டு, அதாவது மூன்று சவரன். 1914-இல் அது நீக்கப்படும் வரை எத்தனை மாலைகளிலிருந்து காசுகள் கழன்றிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நிலமும் வங்கியும் எட்டாத காலத்தில் பெண் தனக்கென்று வைத்துக்கொள்ள முடிந்த சொத்து அவள் உடம்பில் இருந்ததுதான்.

அது அவளுடைய சொத்து என்பதை ஆண்கள் எளிதில் மறந்துவிடுவார்கள். 1901-இல் காந்தியடிகள் நம் டர்பன் அடங்கிய நேட்டாலை விட்டுப் புறப்பட்டபோது, இங்குள்ளவர்கள் கஸ்தூரிபாவுக்கு ஐம்பது கினி மதிப்புள்ள பொன் கழுத்தணி ஒன்றைப் பரிசளித்தனர். காந்தியடிகள் அதைப் பொதுப்பணிக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தபோது, எனக்குக் கொடுத்ததை நீங்கள் எப்படிக் கொடுக்கலாம், நாளை வரும் மருமகள்களுக்கு என்ன இருக்கும் என்று கஸ்தூரிபா அழுது வாதாடியதைக் காந்தியடிகளே எழுதியிருக்கிறார். அவருடைய நோக்கம் உயர்ந்தது. ஆனாலும் அந்த அம்மையாரின் கேள்வி நியாயமானது என்றே இன்றுவரை நான் கருதுகிறேன். அதனால்தான் சொல்கிறேன், பெட்டியைப் பற்றி முடிவு எடுக்க வேண்டியவர்கள் நீயும் உன் மகள்களும்தான்.

இனித் தாலிக்கு வருகிறேன். மஞ்சள் துணியை அவிழ்க்க அஞ்ச வேண்டாம். தாலி என்பது முதலில் மனைவிக்கு மட்டும் உரிய அணியாகவே இருக்கவில்லை. சிறுவர்களுக்கு ஐம்படைத்தாலி அணிவித்தார்கள். போர்க்களம் புகுந்த இளம் நெடுஞ்செழியன் தாலியைக்கூட இன்னும் களையாதவன் என்று புறநானூறு வியக்கிறது. காப்புக்காக அணிவித்த பொன் அது. ஒரு பெண் வாழ்ந்து முடித்த இல்லறத்தின் பொன்னில் அமங்கலம் என்ன இருக்கிறது? உன் வீட்டார் அஞ்சும் அந்தத் தாலியைத்தான் நான் உருக்கச் சொல்வேன். பழம்பொன்னை நல்ல நாளில் உருக்கிப் புதுத்தாலிக்குச் சேர்ப்பது பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் திருமாங்கல்யம் பொதுவாக மணமகன் வீட்டார் செய்வது. அதன் வடிவும் அவர்கள் குலவழக்கைப் பொறுத்தது. எனவே சம்பந்தி வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேள். அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாதே. கல்யாணத்துக்குப் பின் தாலி பிரித்துக் கோக்கும் நாளில் தாய்வீட்டார் கொடுக்கும் குண்டுமணிகளாக அந்தப் பொன்னைச் செய்து கொடு. அதற்கும் மனம் வராவிட்டால் மாரியம்மன் கோயில் உண்டியலில் சேர்த்துவிடு.

மறுமொழி – சாட்ஸ்வர்த் மகள்

அம்மாவுக்கும் தம்பிக்கும் வழக்கறிஞர் ஐயாவுக்கும் என் நன்றி. காசுகளைப் பார்த்தோம், இரண்டில் அந்த நுண்ணெழுத்து இருக்கிறது. மாலையும் அட்டிகையும் அப்படியே இருக்கட்டும் என்று என் மகளே சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாள் தாலிப் பொன்னைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். அவருடைய மாமியாரின் தாலிப் பொன்னும் அவருடைய தாலியில் கலந்திருக்கிறதாம். பள்ளிக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நகைகளைப் பற்றிய விவரங்களை எப்படிக் குறித்து வைப்பது நல்லது?

மறுமொழி – பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை, டர்பன்

ஒவ்வொன்றையும் முன்னும் பின்னுமாக, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். எடை, தரம், காசின் ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒரு படி பெட்டியிலும் ஒரு படி வெளியிலும் வையுங்கள். காப்பீட்டுக்கும் அது வேண்டியிருக்கும். எந்த நகை எந்த மகளுக்கு என்பதை உயிலில் பெயர் சொல்லியே எழுதிவிடுங்கள். எடை பார்ப்பதற்காகக் காசுகளை மாலையிலிருந்து கழற்ற வேண்டாம். பழைய வளையங்கள் தேய்ந்திருக்கும், ஒருமுறை விரித்தால் அறுந்துவிடும். தாலியை உருக்கும் நாளைக் குறித்ததும் சொல்லுங்கள், பட்டறையை அன்று காலையில் உங்களுக்காகவே ஒதுக்கி வைக்கிறோம்.