சனிக்கிழமை சம்பளம் யார் கைக்குப் போகிறது?

வாரச் சம்பளம் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி சிட்டையோடு வருவார். அதில் பெயரே இருக்காது. கொத்தனார் நாலு, பெரியாள் மூணு, சித்தாள் ஆறு என்று தலைக்கணக்குதான். மொத்தப் பணத்தையும் அவரே வாங்கிக்கொள்வார். சித்தாள் ஆறு பேருக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகக் கொடுத்துவிடுவார். எதிர் டீக்கடையில் சில்லறை மாற்றி அவர்களே பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் ஓர் அக்கா என்னிடம் வந்தார். "சார், புதன்கிழமை இருட்டுற வரைக்கும் கான்கிரீட் போட்டோம். அதுக்கு அரை ஆள் சம்பளம் சேர்த்துப் போட்டிருக்கா?"

போட்டிருந்தது. பணமும் கொடுத்திருந்தோம். அவர் கைக்குத்தான் போகவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

இன்ஜினியரிடம் பேசினேன். இப்போது சிட்டையில் ஒவ்வொருவர் பெயரும் ஏறுகிறது. நான் பக்கத்தில் நிற்கிறேன், பணம் அவரவர் கையில். இதில் யாரும் தர்மம் செய்யவில்லை. காண்டிராக்டர் சம்பளம் கொடுக்கும்போது முதலாளி தரப்பு ஆள் ஒருவர் உடன் இருக்க வேண்டும், காண்டிராக்டர் குறைத்துக் கொடுத்தால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

*

நீங்கள் சொன்னதைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்தது அண்ணா. அவரும் சித்தாள்தான். சம்பளத்தை அப்பா கையில் கொடுத்துவிடுவார்கள். கேட்டால், "உன் வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா" என்பார்கள். வெயிலில் செங்கல் சுமந்தவர் அம்மா. அந்த வாரம் அரிசி கடனுக்குத்தான் வரும். இப்போது ஓ.எம்.ஆரில் ஹவுஸ்கீப்பிங் வேலை, சம்பளம் அவர் பெயரில் உள்ள கணக்கில் ஏறுகிறது. மெசேஜ் வந்தால் முதலில் என்னைப் படிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் போனை வாங்கித் தானும் ஒரு தடவை பார்ப்பார்.

*

வேலையை விட்டவர்களுக்கு ஒன்று. கடைசி மாதச் சம்பளத்தை "அடுத்த மாசம் வாங்க" என்று என்னை அலையவிட்டார்கள். நாமே ராஜினாமா செய்தாலும் 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அதைச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. வருகைப் பதிவை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எனக்குக் கைகொடுத்தது.