விறகடுப்பு எண்ணெய்ச்சட்டி: இரண்டு டயல் தெர்மாமீட்டர், ஒரு இன்ஃப்ராரெட் கன், மூன்றும் மூன்று கணக்கு. எதை நம்புவது?

பட்டறை_காரைக்குடி:
கோட்டை அடுப்பு, சீமைக்கருவேல விறகு. 24 அங்குல இரும்புச் சட்டியில் 12 லிட்டர் கடலை எண்ணெய். தேன்குழலுக்கு 180 டிகிரி வைக்கிறோம். விளிம்பில் கிளிப் போட்ட பழைய டயல் 180 காட்டும்போதே தேன்குழல் சிவந்துவிடுகிறது, உள்ளே வேகவில்லை. புது டயலைக் கையில் பிடித்து நடுவில் விட்டால் 205. தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கன் 150 என்கிறது. டயல் இரண்டும் 0–300, பைமெட்டல் (இரு உலோகச் சுருள் முள்ளைத் திருப்பும் வகை). எது சரி?

மீட்டர்_மெக்கானிக்:
கன்னை முதலில் ஓரம் வையுங்க. பலகாரம் வேகும்போது அது நுரையையும் ஆவியையும்தான் அளக்கும், குறைவாகத்தான் காட்டும். பளபளக்கும் பித்தளை, ஸ்டீல் மேல் அடித்தால் இன்னும் மோசம்.

டயல் இரண்டையும் ஐஸில் பாருங்க. கேன் தண்ணியில் உறைய வைத்த ஐஸை நொறுக்கி டம்ளர் நிறைய அடைத்து, இடுக்கு நிரம்பும் அளவு மட்டும் தண்ணி ஊற்றி, தண்டை 7 செ.மீ இறக்கிக் கலக்கிக்கொண்டே 2 நிமிடம். 0 காட்ட வேண்டும். மீன் கடை ஐஸ் வேண்டாம், உப்புப் பட்டிருந்தால் 0-க்குக் கீழே போய்விடும்.

அடுத்து தளதளவென்று கொதிக்கிற தண்ணி. தண்டு அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள்தான், அதனால் 100 என்றே வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் விடுவதற்கு முன் தண்டை நன்றாகத் துடைத்துவிடுங்க, ஒரு சொட்டு ஈரம் போதும் தெறிக்க.

பட்டறை_காரைக்குடி:
எங்க கிணறு உப்புத் தண்ணி அண்ணே. கொதிநிலை ஏறாதா?

மீட்டர்_மெக்கானிக்:
லிட்டருக்கு 10 கிராம் உப்பு இருந்தாலும் கால் டிகிரி ஏறாது. இந்த டயலில் அது கண்ணுக்கே தெரியாது.

ஆச்சி_தேவகோட்டை:
டயலைக் குறை சொல்லுமுன் அது இருக்கிற இடத்தைப் பாருங்கள் தம்பி. பைமெட்டல் சுருள் தண்டின் நுனியிலிருந்து 5–7 செ.மீ வரை இருக்கும். அவ்வளவும் எண்ணெயில் முங்கினால்தான் சரியான கணக்கு. உங்கள் சட்டி குழிவானது. நடுவில் 11 செ.மீ ஆழம் இருந்தாலும் கிளிப் மாட்டின விளிம்போரம் 3, 4 செ.மீ தேறினால் அதிகம். பாதிச் சுருள் வெளியே நிற்கிறது, குறைத்துத்தான் காட்டும்.

இன்னொன்று: முற்றத்துக் காற்று தீயை ஒரு பக்கமாகச் சாய்க்கும். எண்ணெயைக் கரண்டியால் ஒரு சுற்று கலக்காமல் எந்த மீட்டரைப் பார்த்தும் பயனில்லை. விறகு தள்ளின கையோடு பார்க்காதீர்கள், கங்கு நின்று எரியும்போது பாருங்கள்.

கருவிக்கூடம்:
100-இல் சரியாக இருப்பது 180-இலும் சரியாக இருக்கும் என்று சொல்லவே முடியாது. வேலை செய்கிற சூட்டில் ஒப்பிடணும். ஸ்டீல் உறை போட்ட கே டைப் ப்ரோப் (டிஜிட்டல் மீட்டரில் மாட்டும் தெர்மோகப்பிள் கம்பி) வாங்குங்க. துல்லியத் தரம் கிளாஸ் 2 என்றால் இந்தச் சூட்டில் பிழை ±2.5 டிகிரிக்குள், மீட்டர் பிழை தனி. அதையும் ஐஸ், கொதிநீரில் பார்த்துவிட்டு நம்புங்க. பஞ்சு உறை வயர் எண்ணெயை உறிஞ்சும், வேண்டாம். மீட்டர் பெட்டியை அடுப்பு அனலில் வைத்தால் அதுவே தப்புக் காட்டும். பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டரை எண்ணெய்ச்சட்டிப் பக்கமே கொண்டுவராதீங்க.

ஒப்பிடும் முறை: கனமான ஆழச் சட்டியில் எண்ணெயை 190-க்கு ஏற்றி அடுப்பிலிருந்து இறக்குங்க. ப்ரோப்பையும் தண்டையும் நுனி சேர்த்துக் கட்டி விட்டுக் கலக்குங்க. சூடு இறங்கும்போது 180, 170, 160-இல் குறியுங்க. தீ மேல் இருக்கும்போது பார்த்தால் டயல் பின்தங்கும்.

பட்டறை_காரைக்குடி:
பார்த்தாச்சு. பழைய டயல்: ஐஸ் 1, கொதிநீர் 101, கே டைப் 180 காட்டும்போது 181. புதுசு: 0, 106, 191. புதுசின் பின்பக்க நட்டைத் திருகிச் சரிசெய்யலாமா?

மீட்டர்_மெக்கானிக்:
அப்போ பழசுதான் நல்லது, இடம்தான் தப்பு. புதுசு 205 என்றது உண்மையில் 193. அந்தச் சூட்டில்தான் தேன்குழல் சிவந்திருக்கு. நட்டு முள்ளை மொத்தமாகத் தள்ளும், அவ்வளவுதான். இதில் பிழை சூட்டோடு சேர்ந்து வளர்கிறது, ஐஸில் 0, 100-இல் 6, 180-இல் 11. 100-இல் சரிசெய்தால் 180-இல் 5 கூட நிற்கும். தூக்கிப் போடுங்க.

கருவிக்கூடம்:
தூக்கிப் போட அவசரமில்லை அண்ணே. எண்ணெய்க்கு மட்டும் என்றால் 180-இலேயே வைத்து நட்டைத் திருகி 11 குறைக்கலாம். 160-இல் ஒன்றரை டிகிரி குறைவாக, 200-இல் ஒன்றரை டிகிரி கூட, அதற்குள் நிற்கும். ஆனால் கண்ணாடி மேல் பெயிண்டில் '160–200 மட்டும்' என்று எழுதிடுங்க, பாகுக்கு யாரும் எடுக்கக்கூடாது. சுருள் அதிகச் சூட்டில் கெட்டதாக இருந்தால் மறுபடி நகரும். மாதம் ஒருமுறை, கீழே விழுந்தால் அன்றே, ஒப்பிடணும்.

ஆச்சி_தேவகோட்டை:
பழசை விளிம்பிலிருந்து கழற்றிவிட்டு, சட்டிக்குக் குறுக்கே ஒரு கம்பி போட்டு அதில் கிளிப்பை மாட்டுங்கள். நுனி அடியைத் தொடாமல் 2 செ.மீ மேலே, 7 செ.மீ முங்கி இருக்கட்டும். சாரணி (ஓட்டைக் கரண்டி) போகிற பக்கம் வேண்டாம், இடிபடும். எண்ணெய் 12 லிட்டரிலிருந்து குறையக் குறைய கிளிப்பையும் இறக்கணும், இல்லாவிட்டால் திரும்ப 180 என்று பொய் சொல்லும்.