புதுப்பிப்பு: சார்ஜ் ஏறியும் கார் திரையோடு இணையாத கைபேசி – தீர்வு கிடைத்தது

நெடும்பயணத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், கைபேசியைக் காரின் யுஎஸ்பி துளையில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, வரைபடம் திரையில் வரவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். உடனுக்குடன் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

புளூடூத் இணைப்பை நீக்கி மறுபடி சேர்த்ததும், செயலியின் தற்காலிகச் சேமிப்பை அழித்ததும் பலன் தரவில்லை. கேபிளைச் சந்தேகியுங்கள் என்று ஒருவர் சொன்னதே சரியாக அமைந்தது. அதைக் கணினியில் செருகிப் பார்த்தபோது அங்கும் சார்ஜ் ஏறியதே தவிர, கோப்புகள் தென்படவில்லை. சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு என 4 கம்பிகள் இருக்கும். சார்ஜுக்கென்றே வரும் சில மலிவுக் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் எரிச்சல்.

தரவுக் கம்பிகளும் உள்ள வேறு கேபிளுக்கு மாறியதும் திரை உயிர்பெற்றது. ஆனால் எதிர்பாராத விதமாக, சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இணைப்பு அறுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கைபேசியின் துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைபட்டுக் கெட்டியாகியிருந்தது. கைபேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் மெல்லக் கிளறி எடுத்த பிறகு கேபிள் 'டக்' என்று முழுமையாகப் பொருந்தியது. (உலோக ஊசி வேண்டாம், உள்ளிருக்கும் முனைகள் கெட்டுவிடும்.) பயணம் முழுவதும் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.