சிமெண்ட் கேள்வி கேட்ட பையன் இப்போது வாயே திறப்பதில்லை

காரைக்குடி டீச்சர்:
ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் போகிற போக்கில், “ஈரம் காய்ந்தால் சிமெண்ட் இறுகிவிடும்” என்று சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை. “அப்புறம் ஏன் டீச்சர் எங்கப்பா ஆத்தங்குடிக் கல்லைத் தண்ணித் தொட்டியில போட்டு வைக்கிறாரு?”

ஆத்தங்குடிக் கல் என்றால் எங்கள் பக்கம் சிமெண்டில் வார்க்கும் தரைக்கல். எனக்குப் பதில் தெரியவில்லை. “பரீட்சைக்கு வராது, உட்கார்” என்றேன். வகுப்பே சிரித்தது. அதுவரை தினம் மூன்று கேள்வியாவது கேட்பான். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும், பொய் சொல்லவில்லை. இப்போது அவன் சும்மா இருப்பதுதான் உறுத்துகிறது. எப்படிச் சரிசெய்வது?

ஓய்வு வாத்தியார்:
அம்மா, பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போனால் வினை பாதியில் நின்றுவிடும். நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு வேறு கதை, அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து இறுகும்.

ஆனால் இதை நாளைக்கே போய் ஒப்பிக்காதீர்கள். “நான் சொன்னது தப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு கொட்டாங்குச்சியில் சிமெண்ட் குழைத்து வைத்து, மறுநாள் ஒன்றை வெயிலிலும் ஒன்றை வாளித் தண்ணீரிலும் போடுங்கள். எது கெட்டி என்று பிள்ளைகள் பந்தயம் கட்டட்டும். ஒரு வாரம் கழித்து ஆணியால் கீறச் சொல்லுங்கள்.

ட்யூஷன் அண்ணன்:
கேட்க நல்லாத்தான் இருக்கு சார். பாடம் பாக்கி கிடக்கும்போது கொட்டாங்குச்சிக்கு யார் நேரம் தருவது? நான், “நோட்டில் எழுதி வை, சனிக்கிழமை பார்ப்போம்” என்பேன். (பாதி சனிக்கிழமை மறந்துவிடும்.)

பட்டறைக்காரன்:
இருபது வருஷமா கல் போடுறேன். வெயில்ல விட்டா வெடிப்பு விடும்னு தெரியும், ஏன்னு நான் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க டீச்சர். கண்ணாடி மேல அச்சு வச்சுச் சாயம் ஊத்துறதைக் காட்டுறேன். ஈரச் சிமெண்டை மட்டும் வெறுங்கையால தொட விடாதீங்க, தோலை அரிச்சிடும்.

காரைக்குடி டீச்சர்:
செய்து பார்த்தோம். பாதி வகுப்புக்கு மேல் வெயில் பக்கம்தான் பந்தயம் கட்டியது. வெயிலில் வைத்ததைக் கீறினால் மாவாக உதிர்ந்தது. வாளியில் கிடந்ததில் ஆணி வழுக்கியது. அவன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, “டீச்சர், அப்ப ஊருணித் தண்ணிக்குள்ளேயே நேரா ஊத்தினாலும் இறுகுமா?”

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு கொட்டாங்குச்சி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.