கலுங்குத் தண்ணியும் ஓப்பன்ஃபோமும்

குழு: நம்ம குடும்பம்

சனிக்கிழமை, மாலை

நித்யா: அருள் அண்ணா ஃப்ரீயா? கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு முடிவாயிருச்சு. கண்மாய் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற கலுங்கு இருக்குல்ல, அதுல தண்ணி வழியுறதை கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ணணும். கூடப் படிக்கிற பையன் ஒரு பெரிய சாஃப்ட்வேரோட கிராக் காப்பி தர்றேங்குறான். வாங்கிக்கவா?

அருள்: வேணாம்மா. அதுல வைரஸ் வரும்ங்கிறது ஒரு பக்கம். நாளைக்கு ரிப்போர்ட்ல எந்த சாஃப்ட்வேர்னு எழுதுவ? ஓப்பன்ஃபோம் போடு, தண்ணி, காத்தெல்லாம் எப்படி ஓடும்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேர். காசு கிடையாது, ஜிபிஎல்ங்கிற திறந்த மூல உரிமம், யாரும் எதுவும் கேக்க முடியாது. கார் கம்பெனில இருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சி வரைக்கும் இதை ஓட்டுறாங்க. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல 80-கள் கடைசில ஆரம்பிச்சது, 2004 டிசம்பர்ல இருந்து எல்லாருக்கும் திறந்து கிடக்கு.

கார்த்தி: அக்கா லேப்டாப்ல நான் கேம் போட்டிருக்கேன், அழிச்சிராத

நித்யா: அழிக்கலடா. அண்ணா, என்கிட்ட விண்டோஸ் 11 தான் இருக்கு. லினக்ஸ் வேணுமாமே?

அருள்: விண்டோஸ் உள்ளயே லினக்ஸ் ஓடும். டபிள்யூஎஸ்எல்னு பேரு. பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து ஒரு வரி அடிச்சா உபுண்டுங்கிற லினக்ஸ் வந்துரும். கார்த்தியோட கேம் அப்படியே இருக்கும்.
கமாண்டெல்லாம் உனக்கு மெயில்ல அனுப்புறேன், அங்கருந்து காப்பி பண்ணிக்க. வாட்ஸ்அப்ல போட்டா நட்சத்திரக்குறி, அடிக்கோடு எல்லாம் காணாமப் போயிரும், அப்புறம் ஏன் ஓடலன்னு தேடிட்டே இருப்ப. இங்க எதை எதுக்குச் செய்றோம்னு பேசுவோம்.

சுந்தரம் மாமா: தாயி, எந்தக் கண்மாயிக் கலுங்கு?

நித்யா: நம்ம ஊர்க் கண்மாய் தான் மாமா 😊

சுந்தரம் மாமா: நல்லது. நான் பொதுப்பணித்துறைல இருந்தப்ப அதோட கலுங்கை ரெண்டு மழைக்காலம் பாத்திருக்கேன். வேணுங்கிறதைக் கேளு.

அம்மா: நித்யா வந்து சாப்பிட்டுட்டுப் பாரு

சனிக்கிழமை, இரவு

நித்யா: உபுண்டு வந்துருச்சு. யூசர் பேர் குடுத்துட்டேன். பாஸ்வேர்டு அடிச்சா திரையில ஒண்ணுமே வர மாட்டேங்குது, கீபோர்டு போச்சா?

அருள்: கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ்ல பாஸ்வேர்டு அடிக்கிறப்ப புள்ளி கூடத் தெரியாது. அடிச்சு எண்டர் தட்டு.
யூசர் பேர் சின்ன எழுத்துல, இடைவெளி இல்லாம இருக்குல்ல?

நித்யா: ஆமா

அருள்: நல்லது. ஃபோல்டர் பேர்லயும் இடைவெளி விடாத. ஓப்பன்ஃபோமுக்கு அது ஒத்து வராது. இன்னொண்ணு, வேலையெல்லாம் உபுண்டுவோட ஹோம் ஃபோல்டர்லயே வச்சுக்க. சி டிரைவ்ல வச்சு ஓட்டினா ஒவ்வொரு ஃபைலை எழுதுறதுக்கும் இழுத்துட்டு நிக்கும்.

நித்யா: ஓப்பன்ஃபோம்னு தேடினா ரெண்டு சைட் வருது. ஒண்ணுல 12, 13னு வெர்ஷன். இன்னொண்ணுல 2412ன்னு இருக்கு. 2412 ரொம்பப் புதுசா?

அருள்: இங்கதான் நிறையப் பேர் வழி மாறிடுறாங்க, நிதானமாப் படி.
ஓப்பன்ஃபோம் இப்ப ரெண்டு கிளையா வளருது. டாட் ஆர்க் கிளையை ஓப்பன்ஃபோம் ஃபவுண்டேஷன் வெளியிடுது, நம்பர் 10, 11, 12ன்னு போகும். டாட் காம் கிளையில வருஷமும் மாசமும்தான் நம்பர். 2412ன்னா 2024 டிசம்பர். ஜூன்லயும் டிசம்பர்லயும் புதுசு விடுவாங்க.
ரெண்டும் நல்லதுதான். ஆனா கமாண்ட் ஒண்ணா இருக்காது. ஓட்டத்தைக் கணக்குப் போடுற புரோகிராமைத்தான் சால்வர்ங்கிறது; ஆர்க் கிளையில 11-ல இருந்து, தண்ணியும் காத்தும் சேர்ந்த ஓட்டத்துக்கான இன்டர்ஃபோம் மாதிரி தனித்தனி சால்வர்களை எடுத்துட்டு, ஃபோம்ரன்னு ஒரே கமாண்டுக்குள்ள மாட்யூலா ஆக்கிட்டாங்க. நீ பாக்குற பழைய வீடியோ எல்லாம் இன்டர்ஃபோம்னு சொல்லும், உன் மெஷின்ல அது தனி சால்வரா இருக்காது.
நீ டாட் காம் கிளையை எடு. வீடியோவோட ஒத்துப்போகும். எடுத்தபிறகு மாத்தாத, உதவி தேடுறப்பவும் அந்தக் கிளைக்கான பக்கத்தை மட்டும் பாரு.

நித்யா: சரிண்ணா. இறங்கிட்டு இருக்கு. நேரமாகும் போல.

அருள்: ஆகட்டும். பேக்கேஜா வாங்குறதால இதோட முடியும். சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணணும்னு சில பேர் சொல்வாங்க, உனக்கு இப்ப அது தேவையே இல்ல.

ஞாயிறு, காலை

நித்யா: அண்ணா இன்ஸ்டால் முடிஞ்சதுன்னு காட்டுது. ஆனா கட்டம் பிரிக்கிற பிளாக்மெஷ் கமாண்டை அடிச்சா 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' 😟

அருள்: சாஃப்ட்வேர் உள்ள இருக்கு, ஆனா அது எங்க இருக்குன்னு டெர்மினலுக்குத் தெரியல. ஓப்பன்ஃபோமோட எட்சி ஃபோல்டர்ல பாஷ்ஆர்சின்னு ஒரு ஃபைல் இருக்கும். அதை சோர்ஸ் பண்ணணும், அதாவது டெர்மினலைப் படிக்க வைக்கணும். மெயில்ல மூணாவது வரி. அந்த வரியை உன்னோட சொந்த பாஷ்ஆர்சி கடைசில சேத்துட்டு, டெர்மினலை மூடித் திற. அப்புறம் தினமும் அடிக்க வேண்டியதில்ல.

நித்யா: வந்துருச்சு!! 🎉

பெரியம்மா: என்ன வந்துச்சு, வேலையா?

அம்மா: சாஃப்ட்வேர் அக்கா

பெரியம்மா: சந்தோஷம்மா

அருள்: இப்ப கலுங்குக்குப் போகாத. முதல்ல கேவிட்டி ட்யூட்டோரியல். 10 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி, மேல் மூடி மட்டும் நொடிக்கு 1 மீட்டர் நகருது, உள்ள இருக்கிற திரவம் சுழலுது. அவ்வளவுதான். ட்யூட்டோரியல் ஃபோல்டரை உன் ரன் ஃபோல்டருக்கு நகல் எடுத்து, நகல்லதான் வேலை செய்யணும்.
உள்ள மூணு ஃபோல்டர் இருக்கும். பூஜ்யம்னு பேர் இருக்கிறதுல ஆரம்ப நிலை, எல்லை நிலை. கான்ஸ்டன்ட்ல திரவத்தோட குணம். சிஸ்டம்ல மெஷ் (இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிக்கிறது), நேரம், கணக்குப் போடுற முறை. எந்தப் பெரிய ப்ராஜெக்ட்டும் இந்த மூணுக்குள்ளதான். இதை நீ மனசுல வாங்கிட்டா பட்டன் இல்லையேங்கிற பயம் போயிரும்.

நித்யா: பிளாக்மெஷ் ஓடுச்சு. செக்மெஷ் 'மெஷ் ஓகே' சொல்லுது. ஐகோஃபோம் சால்வரை அடிச்சதும் ஒரு மூச்சுல முடிஞ்சது. 0.1, 0.2ன்னு 0.5 வரைக்கும் ஃபோல்டர் வந்திருக்கு.

அருள்: அந்தந்த நொடியோட விடை அது. இப்ப மெஷ்ஷை 20க்கு 20ல இருந்து 40க்கு 40 ஆக்கி மறுபடி ஓட்டு. லாக்ல கூரன்ட் எண் மேக்ஸ் எவ்வளவுன்னு சொல்லு.

நித்யா: 1-ஐத் தாண்டிருச்சு அண்ணா. முன்னாடி 0.85 கிட்ட இருந்துச்சு.

அருள்: அதைத்தான் நீ பாக்கணும்னு நினைச்சேன். கூரன்ட் எண்ங்கிறது ஒரு டைம்ஸ்டெப்ல, அதாவது கணக்கு ஒரு தடவை முன்னாடி நகர்ற நேரத்துல, தண்ணி எத்தனை கட்டம் தாண்டுதுங்கிற கணக்கு. கட்டம் 5 மில்லிமீட்டர், வேகம் 1 மீட்டர், டைம்ஸ்டெப் 0.005 நொடின்னா சரியா ஒரு கட்டம். நீ கட்டத்தைப் பாதியாக்கிட்ட, டைம்ஸ்டெப் அப்படியே இருக்கு. அதையும் 0.0025 ஆக்கு. இதைப் பாக்காம விட்டா பெரிய கேஸ்ல 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்'னு நடுவுல விழுந்துரும்.

நித்யா: ஒரு வரில செமிகோலன் விட்டுப்போனா 'ஃபேட்டல் ஐஓ எரர்'னு கத்துது

அருள்: கத்தினாலும் எந்த ஃபைல், எத்தனாவது வரின்னு கீழயே சொல்லும், படி. ஒரு நல்ல வித்தை சொல்றேன். ஒரு இடத்துல என்னென்ன பேர் போடலாம்னு தெரியலன்னா வேணும்னே 'பனானா'ன்னு எழுதி ஓட்டு. அப்படி ஒண்ணு இல்ல, இருக்கிறது இதெல்லாம்னு முழுப் பட்டியலையும் அதுவே காட்டும். எங்க ஆபீஸ்ல சீனியர்களும் இன்னைக்கு வரை இதைச் செய்றாங்க.

கார்த்தி: 🍌🍌

நித்யா: படமாப் பாக்க பாராவியூ தானே?

அருள்: ஆமா. அதை விண்டோஸ்லயே போட்டுக்க. கேஸ் ஃபோல்டர்ல டாட் ஃபோம்னு முடியுற ஒரு காலி ஃபைல் உண்டாக்கி, அதை பாராவியூல திற.

ஞாயிறு, இரவு

நித்யா: [படம்]
அணை உடையுற டேம்பிரேக் ட்யூட்டோரியல் ஓட்டிட்டேன்!! பாருங்க, தண்ணித் தூண் சரிஞ்சு தடுப்புல மோதி மேல எழும்புது.

சித்தி: அப்படியே தண்ணி மாதிரியே இருக்கே

அருள்: அருமை. ஆரம்பத்துல தண்ணி எங்க இருக்குன்னு நிரப்புற செட்ஃபீல்ட்ஸ் முதல்லயே ஓடுச்சா?

நித்யா: ஒரிஜினல்னு பேர் இருந்த பூஜ்ய ஃபோல்டரை பூஜ்யம்னு நகல் எடுத்துட்டுத்தான் ஓட்டினேன். மெயில்ல எழுதியிருந்தீங்கள்ல. ஆனா ஒண்ணு புரியல. இது தண்ணின்னு அதுக்கு எப்படித் தெரியுது?

அருள்: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆல்ஃபா வாட்டர்னு ஒரு எண். 1ன்னா முழுக்கத் தண்ணி, 0ன்னா காத்து, நடுவுல இருந்தா அந்தக் கட்டத்துக்குள்ள நீர்மட்டம் போகுது. பாராவியூல 0.5க்கு காண்டூர் போட்டா நீர்மட்டம் கோடாத் தெரியும். உன் கலுங்குக்கும் இதே இன்டர்ஃபோம் சால்வர்தான். வியர் ஓவர்ஃப்ளோன்னு ஒரு ட்யூட்டோரியலே இருக்கு, அதை நகல் எடுத்து அளவை மாத்து.

சுந்தரம் மாமா: அருள், அந்த மெஷின் சொல்றது சரின்னு எப்படித் தெரியும்?

அருள்: முக்கியமான கேள்வி மாமா. படம் அழகா இருந்தா விடை சரின்னு அர்த்தமில்ல. கையால போட்ட கணக்கோட ஒத்துப்பாக்கணும். உங்க காலத்துல கலுங்குக்கு எப்படிப் போடுவீங்க?

சுந்தரம் மாமா: அகல மேல்தளம் உள்ள கலுங்குக்கு 1.7 பெருக்கல் நீளம் பெருக்கல் தண்ணி உயரத்தோட ஒன்றரை அடுக்கு. எல்லாம் மீட்டர்ல. உயரம் 0.3 மீட்டர்னா ஒரு மீட்டர் நீளத்துக்கு நொடிக்கு 0.28 கன மீட்டர் வரும், அதாவது 280 லிட்டர்.
ஆனா தாயி, உயரத்தைக் கலுங்கு மேல வச்சு அளக்காத. அங்க தண்ணி ஏற்கனவே சரிஞ்சு, மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். கண்மாய்க்குள்ள கொஞ்சம் தள்ளி, மட்டம் சரிய ஆரம்பிக்கிறதுக்கு முந்தி அளக்கணும். புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாரும் இதைத்தான் தவற விடுவாங்க.

அருள்: மாமா, இது போதும், உங்க கணக்குலயே ரெண்டு சோதனை கிடைச்சிருச்சு. நித்யா, உள்ள வர்ற நீர் 0.28ன்னு குடு. மேல்பக்கம் மட்டம் 0.3 கிட்ட வந்து நிக்குதா, கலுங்கு மேல 0.2 கிட்ட இறங்குதான்னு பாரு. ரெண்டும் ஒத்து வந்தா உன் செட்டிங்கை நம்பலாம்.
ஒரு எச்சரிக்கை. இது 2டி கேஸ், முன்பக்கமும் பின்பக்கமும் எம்ப்டின்னு இருக்கும், அந்தத் திசையில கணக்குப் போடாதுன்னு அர்த்தம். ஆனா மெஷ்ஷுக்கு ஒரு தடிமன் உண்டு. 0.28ங்கிறது ஒரு மீட்டர் தடிமனுக்கு. உன் மெஷ் தடிமன் 0.1 மீட்டர்னா 0.028தான் குடுக்கணும்.

சுந்தரம் மாமா: கலுங்குக்குக் கீழ மண்ணு அரிச்சுக்கிட்டே போகுது. தண்ணி விழுந்து சுருண்டு எழும்புற இடத்துல தளக்கல்லே பேந்துருச்சு. அதைச் சொல்லுமா இது?

அருள்: மண் எவ்வளவு அரிக்கும்னு இன்டர்ஃபோம் நேரடியாச் சொல்லாது மாமா. ஆனா தரை மேல தண்ணி எவ்வளவு இழுவிசை குடுக்குதுன்னு எடுக்கலாம். தளக்கல்லு முடியுற இடத்துக்கு அப்புறமும் அந்த விசை ஜாஸ்தியா இருந்தா, தளம் நீளம் பத்தலன்னு காட்டலாம்.

நித்யா: அண்ணா, ப்ராஜெக்ட் தலைப்பையே அப்படி வச்சுக்கவா? கலுங்குக்குக் கீழ தளம் எவ்வளவு நீளம் வேணும்னு?

அருள்: கண்டிப்பா வை. வழியுற தண்ணியை மட்டும் காட்டுறதை விட இது ஊருக்கும் ஆகும். முடிச்சதும் மும்பை ஐஐடியோட ஃபாஸீங்கிற திறந்த மூல சாஃப்ட்வேர் திட்டத்துல ஓப்பன்ஃபோம் கேஸ் ஸ்டடிக்கு அனுப்பலாம், மாணவர்கள்கிட்ட வாங்குறாங்க.

சுந்தரம் மாமா: வர்ற ஞாயிறு நான் டேப் எடுத்துட்டு வர்றேன். கலுங்கு நீளம், மேல்தள அகலம், கண்மாய்ப்பக்க உயரம், கீழ தளக்கல்லு எதுவரைக்கும் இருக்குன்னு எல்லாத்தையும் அளந்துருவோம். கார்த்தியும் வரட்டும், மறுமுனையப் பிடிக்க ஆள் வேணும்.

கார்த்தி: வர்றேன் மாமா

நித்யா: சரிங்க மாமா. அண்ணா, அளவு வந்ததும் கட்டம் எவ்வளவு சின்னதா வைக்க?

அருள்: கலுங்கு மேல தண்ணி ஆழத்துக்குள்ள பதினஞ்சு கட்டமாவது வர்ற மாதிரி வை. 0.2 மீட்டர்னா ஒண்ணேகால் சென்டிமீட்டர் கிட்ட. தூரத்துல பெருசா விட்டுரு. ஓட்டிட்டு, கட்டத்தைப் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டு, விடை மாறலன்னா அதோட நிறுத்திக்க. டைம்ஸ்டெப்பை இன்டர்ஃபோமே கூரன்ட் எண் பாத்து மாத்திக்கும், அந்த வரி சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்கிற கன்ட்ரோல்டிக்ட் ஃபைல்ல 'எஸ்'னு இருக்கான்னு மட்டும் பாத்துக்க.