முதல் லோ டி விசில்: அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

ஆறுதுளை:
டின் விசில் (ஆறு துளை கொண்ட சிறிய ஐரிஷ் ஊதுகுழல்) கைவந்தவர், அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் நீளமான லோ டி விசிலை முதன்முதலாக வாங்கும்போது பிளாஸ்டிக்கில் காசைக் கரைக்க வேண்டாம் என்பது என் கருத்து. குழல் செய்பவரான பெர்னார்ட் ஓவர்டன் 1970களின் தொடக்கத்தில், உடைந்துபோன ஓர் இந்திய மூங்கில் குழலுக்கு மாற்றாக ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃபியூரிக்குச் செய்து கொடுத்ததே அலுமினியக் குழல்தான். இன்றைய கோல்டி, எம்கே தயாரிப்புக் குழல்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எல்லாத் துளையும் மூடி எழும் மிகத் தாழ்ந்த ஸ்வரமான கீழ் டி-யில் அந்த ஒலிக்கனம் பிளாஸ்டிக்கில் வராது.

கீழ்ஸ்தாயி:
கனம் அலுமினியத்தால் வருவதில்லை நண்பரே. மூச்சு புகும் ஒடுங்கிய காற்றுப்பாதையின் உயரம், அந்தக் காற்று மோதும் பிளேடின் விளிம்பு, குழாயின் உள்விட்டம், இந்த மூன்றும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. டிக்ஸன் தயாரிக்கும் பாலிமர் (பிளாஸ்டிக்) லோ டி எடை குறைவு. குளிர்ந்த உலோகத்தில் மூச்சின் ஈரம் சீக்கிரம் நீராகி காற்றுப்பாதையை அடைக்கும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை குறைவு. ஆரம்பத்தில் கற்க வேண்டியது விரல்பிடி. அதற்கு விலை உயர்ந்த குழல் தேவையே இல்லை.

நீள்மூச்சு:
விரல்பிடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குழல் கிட்டத்தட்ட 60 செ.மீ. நீளம். டின் விசில் போல விரல்நுனியால் மூடப் போனால் கீழ்க்கை மோதிரவிரல் துளையில் காற்று கசியும், கீழ் டி கீச்சிடும். குறை குழலில் என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. விரல்களை நீட்டி, நடுக்கணுவின் சதையால் மூடும் பைப்பர் பிடிதான் வழி. அப்படியும் எட்டாத சிறிய கை என்றால் முதலில் இதைவிடக் குட்டையான லோ எஃப் விசில் வாங்கலாம்.

ஆறுதுளை:
ஈரம் அடைப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசிக்கும் முன் மவுத்பீஸை ஐந்து நிமிடம் அக்குளில் வைத்துச் சூடாக்கினால் பாதி தீர்ந்தது. அடைத்துவிட்டால் பிளேடுக்கு மேலுள்ள சதுர வெட்டை விரலால் மூடி பலமாக ஊதுங்கள், நீர் வெளியேறும்.
வாங்கும்போது சோதிக்க வேண்டியது இது: கீழ் டி-யை மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். சற்று பலமாக ஊதியதுமே மேல் ஸ்தாயிக்குத் தாவினால், கூட்டு வாசிப்பில் அந்தக் குழலின் கீழ்ஸ்வரங்கள் கேட்காது. பிறகு டி, ஜி, ஏ மூன்றையும் இரண்டு ஸ்தாயிகளிலும் ட்யூனரில் பாருங்கள். புல்லாங்குழலில் உதட்டைத் திருப்பிச் சுருதியைச் சரிசெய்வோமே, விசிலில் அது நடக்காது. மூச்சழுத்தம் ஒன்றுதான் கையிலிருக்கிறது.

கீழ்ஸ்தாயி:
இந்தச் சோதனைதான் சரியான அளவுகோல். பிளாஸ்டிக்கோ அலுமினியமோ, இதில் தேறினால் வாங்கலாம். கூடவே ட்யூனிங் ஸ்லைடு (தலைப்பகுதியை இழுத்தோ தள்ளியோ சுருதியை மாற்றும் இணைப்பு) இருக்கட்டும். ஸ்லைடு இல்லாத குழலில் குளிர் நாளில் சுருதி இறங்கினால் மற்றவர்களோடு சேர முடியாது.

நீள்மூச்சு:
ஸ்லைடு நல்லதுதான், ஆனால் எல்லை உண்டு. 5 மி.மீ. இழுத்தால் கீழ் டி சுமார் 15 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். அதே இழுப்பில் எல்லாத் துளையும் திறந்த சி ஷார்ப் 28 சென்ட் வரை இறங்கும், ஏனென்றால் அங்கே ஒலிக்கும் காற்றுத்தம்பம் ஏறத்தாழ பாதி நீளம்தான். அதனால் 2, 3 மி.மீ.க்கு மேல் இழுக்காமலே சுருதி சேரும் குழலாகப் பாருங்கள்.
தபாலில் வரவழைப்பவர்கள் ஊதத் தேவைப்படும் அழுத்தத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். கோல்டியில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று வகை உண்டு. மூச்சு பழகாதவருக்குக் கடின வகை ஒத்துவராது.

ஆறுதுளை:
பழைய குழல் என்றால் பிளேடை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் சிறு நெளிவு இருந்தாலும் வேண்டாம். காற்றுப்பாதையில் ஊசி, கம்பி விட்டவர்களின் குழலில் இது சகஜம். சுத்தம் செய்ய விறைப்பான காகிதப் பட்டை போதும். பிறகு பாத்திர சோப்பு கலந்த நீர் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். ஈரம் முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவி வடியும்.