சயாம் (தாய்லாந்து) செஸ்ஸில் ஜெயித்த ஆட்டம் கைநழுவியது. உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ஆயர் ஈத்தாம்காரன்:
இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் மனதை அரிக்கிறது. பினாங்கில் புலாவ் திக்குஸ் சயாம் கோயில். வெளியூர் சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு அம்மா சயன புத்தரைப் பார்க்க உள்ளே போய்விட்டார். நான் எதிரே பர்மா கோயில் பக்கம் நிழலில் நின்று கைப்பேசியில் மாக்ருக், அதாவது சயாம் செஸ், தட்டிக்கொண்டிருந்தேன். இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு சயாம் அங்கிள் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது உனக்குத் தெரியுமா?" என்று மலாயில் கேட்டார். அப்புறம் ஒரே போனை மாற்றி மாற்றி வாங்கி ஆடினோம்.

நன்றாகத்தான் ஆடினேன். கடைசியில் அவரிடம் ராஜாவும் ஒரு மந்திரியும் மிச்சம். என்னிடம் ராஜா, இரண்டு படகு, ஒரு குதிரை. (யானைக்குப் பதில் படகு என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.) அந்த மந்திரியையும் வெட்டினேன். சிரிப்புகூட வந்தது. அவர் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி "எனாம்" என்றார், மலாயில் ஆறு. பஸ் நம்பர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். செக் வைத்தேன். "துஜூ", ஏழு. மறுபடி செக். "லாப்பான்", எட்டு. இன்னொரு செக், மேட் விழவில்லை. அவர் இளநீர்க் காயைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்தார். டிரா.

எதிராளிக்கு ராஜா மட்டும் மிஞ்சினால், எண்ணிக்கை முடிவதற்குள் மேட் வைக்க வேண்டுமாம். இரண்டு படகு இருந்தால் 8, ஒரு படகு மட்டும் என்றால் 16. பலகையில் நிற்கும் காய்களையும் அந்தக் கணக்கிலேயே கழித்துவிடுவார்கள். இரண்டு ராஜாவையும் சேர்த்து எங்களுடையது 5 காய், ஆக எனக்குக் கிடைத்தது மூன்றே நகர்த்தல். படை அதிகம் உள்ளவனுக்கு அவகாசம் குறைவாம். இது என்ன நியாயம்?

செந்தூல் பொண்ணு:
எனக்குச் சயாம் செஸ் தெரியாது, சீன செஸ்தான். சீன எழுத்து ஒன்றும் படிக்க வராது. கீழே நாலு புள்ளி இருந்தால் குதிரை என்று அடையாளம் வைத்துக்கொண்டு எல்ஆர்டி ரயிலில் ஆடுவேன். ஒரு நாள் நடுவில் நின்ற சிப்பாயைப் பக்கத்தில் நகர்த்தப் பார்க்கிறேன், அது நகரவே இல்லை. இழுத்தால் பழைய இடத்துக்கே ஓடுகிறது. கை வியர்வை என்று நினைத்துத் திரையைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சீன ஆன்ட்டி பொறுக்க முடியாமல் குனிந்து, என் ராஜாவிலிருந்து எதிரி ராஜா வரை நகத்தால் ஒரு கோடு இழுத்தார். "தாக் போலே", கூடாது என்றார். இரண்டு ராஜாவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாதாம், நடுவில் ஒரு காயாவது நிற்க வேண்டுமாம். அந்த நகத்தின் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. இறங்க வேண்டிய மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன், அது வேறு.

பழைய காய்:
ஆயர் ஈத்தாம் தம்பி, நியாயம் இல்லை என்று சொல்வது தப்பு. இரண்டு படகு வைத்திருப்பவனுக்கு ஒற்றை ராஜாவை மடக்க நூறு நகர்த்தலா வேண்டும்? எண்ணிக்கை இல்லாவிட்டால் அந்த மனிதர் இருட்டும்வரை ஓடிக்கொண்டே இருப்பார்.

என் கதை சின்னது. பேரன் போனில் மாக்ருக் ஏற்றிக் கொடுத்தான், முதல் ஆட்டமே தோற்றேன். ஆனால் அந்நியமாகத் தெரியவில்லை. எஸ்டேட்டில் என் தாத்தா ஆடிய ஆட்டத்திலும் சிப்பாய் முதலில் இரண்டு கட்டம் தாவாது. மாக்ருக் மந்திரியும் குறுக்கே ஒரு கட்டம்தான், நம் பழைய ஆட்டத்து மந்திரியைப் போல. அதில் 'கோன்' என்ற காய் குறுக்கே நாலு பக்கமும் நேர் முன்னே ஒன்றும் போகும். 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி என்ற அறிஞர் இந்தியச் சதுரங்கத்து யானைக்கு இதே நடையைத்தான் எழுதி வைத்திருக்கிறார். நாலு கால், ஒரு தும்பிக்கை.

இப்போது கேளுங்கள். எதிராளியின் கடைசிக் காயை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முதலில் உங்கள் ராஜாவை நடுவே கொண்டு வாருங்கள், படகுகளை இடத்தில் நிறுத்துங்கள், மேட் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வெட்டுங்கள். அதைவிட நல்லது, ஒரு சிப்பாயை மந்திரியாக்காமல் அப்படியே வைத்திருப்பது. சிப்பாய் பலகையில் இருக்கும்வரை எண்ணிக்கையே தொடங்காது. மூன்றாம் வரிசையில் ஆரம்பித்து ஆறாம் வரிசையில் மந்திரி ஆகிவிடும், மூன்றே அடி, அதனால் எல்லோருக்கும் கை பரபரக்கும். அடக்குங்கள். எண்ணிக்கையைத் திரையில் காட்டும் ஆப்பாகப் பார்த்து இறக்குங்கள். செந்தூல் பிள்ளைக்கு: எழுத்துக்குப் பதில் படம் போட்ட காய்கள் சில ஆப்பில் உண்டு, அமைப்பில் போய் மாற்றிக்கொள்ளலாம். ரயிலில் ஆட வேண்டாம்.

செந்தூல் பொண்ணு:
அங்கிள், நாலு புள்ளியே எனக்குப் போதும்.

ஆயர் ஈத்தாம்காரன்:
ஐயா, என் ஆப்பிலும் எண்ணிக்கை தெரிந்தது. மேல் மூலையில் 6/8 என்று. நான் விளம்பரம் என்று நினைத்து அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தேன்.